ஊசி ஏறவில்லை

மே 6
பழைய அம்பாசடரில் ஃபேன், வாட்டர் பம்ப்பின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டர் அதற்குச் சற்றே முன்னால். முன்பக்கம் சிறிய அடி வாங்கினாலும் ரேடியேட்டர் பின்னுக்கு நகர்ந்து ஃபேனில் உரசும். பம்ப்பின் பேரிங் ஆட்டம் காணும். கப்பலூர் அருகே வைக்கோல் டிராக்டரில் முட்டிய 1994 டீசல் வண்டியில் வெளியே தெரிந்தது நசுங்கிய கிரில் மட்டுமே. ஸ்டார்ட் ஆனது. ஹீட் காட்டும் ஊசியும் ஏறவில்லை. பழங்காநத்தம் வரை, சுமார் 10 கி.மீ., ஓட்டியே கொண்டுவரப்பட்டது.

மே 7
கிரில்லை நிமிர்த்தினால் போதும் என்று தோன்றிய நாள்.

மே 11
வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் போனால் தண்ணீர் அந்த வழியாகத்தான் சொட்டும். வண்டிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ரேடியேட்டருக்குள் விட்ட விரல் நனையவில்லை. ஆயில் மூடியின் உட்புறம் பால் டீ நிறத்தில் களிம்பு. மூடியில் மட்டும் இருந்தால் வெறும் ஈரப்பதமாகவும் இருக்கலாம். கத்திரி வெயிலில் அந்தச் சமாதானம் செல்லாது. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம்.

மே 12
கம்ப்ரஷன் பார்க்க இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டர் சிலிண்டராகக் கேஜ் மாட்டி இன்ஜினைச் சுற்றவிடுவார்கள். வந்த கணக்கு 380, 270, 265, 375. ஒன்று மட்டும் குறைந்தால் ரிங், வால்வு என்று சந்தேகம் பல பக்கம் போகும். அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

“முட்டுன எடத்துல இருந்து எப்படிண்ணே கொண்டாந்தீங்க?” என்றார் மெக்கானிக்.

“ஓட்டித்தான். ஊசி ஏறலையேப்பா.”

“தண்ணி இருந்தாத்தாண்ணே ஊசிக்குச் சூடு தெரியும்.”

அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

மே 17
ஹெட் லேத் பட்டறையில்.

மே 20
பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்குக் காப்பீட்டில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பழுது பார்க்குமுன் ஓட்டியதால் கூடிய சேதம் உடையவரின் பொறுப்பு என்றும் பாலிசியில் ஒரு வரி உண்டு. அந்த வரியின் கீழ் பேனாக் கோடு. எந்த ஆண்டு போட்டதோ.

மே 24
ஹெட்டின் மேல் நேர்ச்சட்டத்தை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தால் கோணல் தெரியும். நுழைந்தது, பேஸ் அடித்துச் சமமாக்கியாகிவிட்டது. பிளாக்கில் மயிரிழை விரிசல் இருந்தால், ஆறிய இன்ஜினில் அது வாய் மூடியே இருக்கும், சூடேறினால்தான் திறக்கும். அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. பிளாக் வேண்டுமானால் பழைய வண்டி எதையாவது பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

புது பம்ப், புது கேஸ்கெட், புது ஆயில். ரேடியேட்டரில் கழுத்து வரை தண்ணீர். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை.