மகள் மதம் மாறிவிட்டாளா என்று கேட்டவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாடு முடிந்து, நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

செப்டம்பர் 21, மகாளய அமாவாசை. காலையில் மகன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தான். படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டு, பாத்திரமெல்லாம் கழுவி முடித்தேன். மாலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கார்டிஃபிலிருந்து என் மகள் ஒரு படம் போட்டாள். ஒரு காடு. வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் வெள்ளை அங்கியில். நடுவில் ஒரு துணி விரித்து ஆப்பிளும் ரொட்டியும் வைத்திருக்கிறது. என் மகள் நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஃப்ளரோடு கண்ணை மூடி நிற்கிறாள்.

அன்று இரவு ஆரம்பித்த போன் இன்னும் நிற்கவில்லை. கும்பகோணம் சித்தி நேராகவே கேட்டார்: "சூனியக்காரக் கூட்டமாடி?" ஒரு தம்பி 'மதமாற்றம்: எச்சரிக்கை' என்று ஒரு வீடியோவை அனுப்பினான். என் பழைய மாணவன் ஒருவன், இப்போது நல்ல பதவியில் இருப்பவன், "டீச்சர், பாப்பா அங்க நல்லா இருக்காங்கல்ல?" என்று பட்டும் படாமலும் விசாரித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

அவள் படிப்பது ட்ரூயிட் மார்க்கம். ட்ரூயிட் என்பவர்கள் ரோமானியர் வருவதற்கு முன்னால் பிரிட்டனிலும் கால் நாட்டிலும் (இன்றைய பிரான்ஸ்) இருந்த பூசாரிகள், ஆசான்கள், நீதிபதிகள். எல்லாம் சேர்ந்த ஒரு வர்க்கம். ஜூலியஸ் சீசரே இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலர் இருபது வருடம் வரை பாடல்களை மனப்பாடம் செய்தார்களாம். மற்றக் காரியங்களுக்கு எழுத்து தெரிந்திருந்தும் இந்த வித்தையை மட்டும் எழுதி வைக்க மாட்டார்களாம். நம் பக்கத்தில் எழுதாக்கிளவி என்பார்களே, அது மாதிரி. விளைவு என்ன? கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை வேல்ஸின் ஆங்கில்சி தீவில் புகுந்து அவர்களுடைய புனிதத் தோப்புகளை அழித்தது. காலப்போக்கில் ட்ரூயிட்களும் இல்லாமல் போனார்கள். பாட்டுகளும் அவர்களோடு போய்விட்டன. நம் சங்க காலத்து அரசர்கள் எதிரியின் காவல்மரத்தை வெட்டிச் சாய்ப்பதைப் பெரிய வெற்றியாக நினைத்தார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். பகைவனை ஒடுக்க எங்கே அடிக்க வேண்டும் என்பது எல்லா ஊர்ப் படைகளுக்கும் தெரிந்திருக்கிறது.

இப்போது இருப்பது பிற்காலத்தில் கட்டியது. என் மகள் சேர்ந்திருக்கும் சங்கத்தை 1964இல் ராஸ் நிக்கல்ஸ் என்பவர் தொடங்கினார். லண்டனில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியின் முதல்வர், கவிஞர். அதாவது நம்ம வாத்தியார் இனம். 1975இல் அவர் இறந்த பிறகு சங்கம் தூங்கிப்போனது. அவருடைய மாணவர் பிலிப் கார்-கோம் 1988இல் எழுப்பி, அஞ்சல்வழிப் பாடமாக மாற்றினார். பாடம் வரும், படித்து, செய்து பார்த்து, வழிகாட்டிக்கு எழுதி அனுப்ப வேண்டும். மூன்று படிகள். முதல் படி பார்ட், நம் பாணர் மாதிரி. பாட்டு, கதை. இரண்டாவது ஓவேட். மரம், மூலிகை, முன்னோர், சாவு. மூன்றாவதுதான் ட்ரூயிட். இன்ன சாமியைத்தான் கும்பிட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், பௌத்தர்கள் இருக்கிறார்கள், சாமியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். என் மகள் வீட்டில் முருகன் படம் அதே இடத்தில்தான் இருக்கிறது. சித்தி, போதுமா?

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படம் வந்த அன்று எனக்கு வந்த கோபத்தை உங்கள் யாருடைய கோபமும் தொட முடியாது. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கிற நாளில் காட்டில் என்ன வேஷம்? எல்லோரையும் போலக் கத்தாமல், சரித்திர டீச்சர் அல்லவா, ஆதாரம் திரட்டினேன். மூன்று இரவு கண் விழித்துப் படித்தேன். அண்ணாமலைப் பல்கலைக்கழக அஞ்சல்வழியில் எம்.ஏ. படித்தபோதுகூட அவ்வளவு படித்ததில்லை.

நல்ல ஆயுதமே கிடைத்தது. அதன் பெயர் யோலோ மோர்கானுக். இயற்பெயர் எட்வர்ட் வில்லியம்ஸ், வேல்ஸைச் சேர்ந்த கல்தச்சர். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் சில கற்களை வட்டமாக வைத்து, இதுதான் ட்ரூயிட் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் சடங்கு என்று நடத்திக் காட்டினார். பழைய ஓலைகள் என்று அவர் காட்டியவற்றில் நிறைய அவரே எழுதியவை. நல்ல கவிஞர் என்பதால் பல காலம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம் அந்த ஸ்டோன்ஹெஞ்ச். ட்ரூயிட்கள் அங்கே அங்கி போட்டு நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சரித்திரத்தில் ட்ரூயிட் என்ற பெயர் தென்படுவதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்திய கற்கள் அவை.

போன் போட்டேன். "உன் மதம் ஒரு கொத்தனார் கட்டின கதைடி" என்றேன். எனக்குள் ஒரு திருப்தி, மறைக்கவில்லை.

"தெரியும்மா. இங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் மறைக்கல."

"தெரிஞ்சுமா போற?"

"நீயும் அப்பாவும் எங்கள அடையாறு ஆலமரம் பாக்கக் கூட்டிட்டுப் போனீங்கல்ல. அம்மா மரம் எங்கேன்னு கேட்டேன். 1989 புயல்ல விழுந்துருச்சுன்னு அப்பா சொன்னாரு. அப்ப அங்க நிக்கிறது பழைய மரமா, புது மரமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பேச்சை மாற்றினேன். நம்மிடம் இல்லாததா அங்கே இருக்கிறது என்று அடுத்த பாட்டை எடுத்தேன். மயிலாப்பூரில் புன்னை, காஞ்சியில் மா, மதுரையில் கடம்பு, ஆனைக்காவில் வெண்ணாவல் என்று தலமரங்களை அடுக்கினேன். திருவொற்றியூர் மகிழமரத்தடியில் சுந்தரர் சத்தியம் செய்த கதை, மரம் வெட்டாத அய்யனார் கோயில் காடுகள், நிலங்களுக்கே குறிஞ்சி, முல்லை என்று பூவின் பெயர் வைத்தவர்கள், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொன்ன கபிலர். மூச்சு விடாமல் சொன்னேன். நாற்பது நிமிடப் பாடம்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "சரிம்மா. இப்ப நம்ம வாசல்ல என்ன மரம் இருக்கு?"

பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் புங்கமரம் நினைவிருக்கும். விடுமுறையில் அதன் அடியில்தான் உங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தேன். 1990இல் இங்கே வீடு கட்டியபோது என் கணவர் வைத்த கன்று. தாம்பரம் கார்ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தால், செருப்பைக் கழற்றும் முன்னால் அதற்கு ஒரு குடம் தண்ணீர். 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் வேரோடு சாய்ந்தது. தெருவில் ஏழு மரம் போனது, எங்களுடையது மூன்றாவது. மறுநாள் முழுக்க அவர் அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து வேறு கன்று வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றது நான். "சருகை யார் பெருக்குறது? எனக்கு முட்டி வலி." அந்த இடத்தில் பேவர் பிளாக் போடச் சொன்னதும் நான்தான். மகனின் கார் நிற்க வசதியாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுகிறவர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

2021 மே மாதம் கொரோனாவில் போனார். மகளால் வர முடியவில்லை. இரண்டு பக்கமும் கட்டுப்பாடு. தகனத்தை மகன் போனில் காட்டினான். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. பத்தாம் நாள், பதினாறாம் நாள் எல்லாம் அவளுக்கு ஒரு கையகலத் திரையில்தான் நடந்தன. எங்களுக்காவது அழுவதற்கு ஆள் இருந்தது, செய்வதற்குக் காரியம் இருந்தது. அவளுக்கு ஒரு பிடி எள் இறைக்க வழியில்லை. அந்த வருடக் கடைசியில் கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, அக்டோபர் 31 ராத்திரி இறந்தவர்களை நினைக்கிற ஒரு கூட்டம், வருகிறாயா என்று கூப்பிட்டிருக்கிறாள். அங்கே மரத்தடியில் நின்று, இறந்துபோனவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. இவள் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறாள். ஐந்து மாதத்தில் அன்றுதான் அழுகை வந்ததாம்.

இதை அவள் என்னிடம் சொல்லவே நாலு வருடம் ஆகியிருக்கிறது. நானும் கேட்டதில்லை. "வேலை எப்படிப் போகுது, சாப்பிட்டியா" என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. செப்டம்பர் 21 அன்றும் அதே வட்டத்தில் அதே பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். நம் அமாவாசை தெரிந்துதான் அந்த நாளில் போனாளாம். பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி அவர்களுக்கும் அது ஒரு பண்டிகை.

எனக்கு எல்லாம் பிடித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த வெள்ளை அங்கி இப்போதும் நாடக மேடை மாதிரித்தான் தெரிகிறது, அதை அவளிடமும் சொல்லிவிட்டேன். சீசர் சொல்லும் நரபலிக் கதையை அவர்கள் கொஞ்சம் சுலபமாகக் கடந்துபோகிறார்களோ என்றும் தோன்றுகிறது. எதிரி எழுதியது என்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. ஆனால் அந்தக் கல்தச்சர் விஷயத்தில் என் ஆயுதம் மழுங்கிவிட்டது. அவர் கற்பனையாகத் தொடங்கிய சபை 1819இல் வேல்ஸ் மொழி இலக்கியத் திருவிழாவோடு சேர்ந்து, இன்றைக்கும் சிறந்த கவிஞருக்கு நாற்காலி கொடுத்து மரியாதை செய்கிறது. நசுங்கிக் கிடந்த ஒரு மொழிக்கு அது மேடையாகியிருக்கிறது. பொய்யில் பிறந்ததுதான். என்ன செய்வது?

நம்முடையது மட்டும் அறுபடாமல் வந்ததா என்றும் யோசித்தேன். தில்லை என்றாலே சிதம்பரம். அந்தத் தில்லை மரத்தைப் பார்க்க சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டியிருக்கிறது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர் தள்ளி நின்று காட்டுவார். எத்தனையோ முறை நடராஜரைப் பார்த்திருக்கிறேன். அந்த மரத்தை ஒரே ஒரு தடவை, அதுவும் பள்ளிச் சுற்றுலாவில்.

அவள் கேட்ட கேள்விக்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். பழைய வருகைப் பதிவேடு ஒன்று பரணில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் எங்கள் தெரு, ஏரிக்கரை, ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் என்று நடக்கிறேன். மாணவர் பெயர் எழுதும் இடத்தில் மரத்தின் பெயர். இதுவரை 31. வேம்பு ஒன்பது, அரசு இரண்டு, தூங்குமூஞ்சி நாலு, பூவரசு மூன்று, பனை ஐந்து, கொடுக்காப்புளி ஒன்று. இப்படியே போகிறது. சீமைக்கருவேலத்தை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. முப்பத்தைந்து வருடம் இதே தெருவில் இருந்தவளுக்கு, பால் பூத் பக்கத்தில் நிற்பது இலுப்பை என்று போன வாரம்தான் தெரிந்தது. பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

வாசலில் நாலு பேவர் பிளாக்கைப் பெயர்த்து எடுத்தாயிற்று. புங்கங்கன்று வைத்திருக்கிறேன். மகன் காரைத் தெருவில் நிறுத்துகிறான், முகம் கொஞ்சம் சுளிக்கிறது. முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது.

இப்போது உங்களிடம் இரண்டு உதவி.

முதலாவது, தாவரவியல் படித்த பிள்ளைகளுக்கு. பதிவேட்டில் 31ஆம் எண்ணுக்கு எதிரில் பெயர் காலி. ஏரிக்கரையில் இருக்கிறது. இலை எதிரெதிராக, கசக்கினால் லேசாக மாங்காய் வாசனை. மரப்பட்டை வெளிறியிருக்கிறது. யாரைக் கேட்டாலும் "அது சும்மா காட்டு மரம் டீச்சர்" என்கிறார்கள். படம் கீழே இருக்கிறது.

இரண்டாவது, உறவுகளுக்கு. அக்டோபர் 31 அன்று சொல்வதற்கு நம் குடும்பத்துப் பெண்களின் பெயர்கள் வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள். தர்ப்பணத்தில் என் கணவர் வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறை மகனுக்கு வாயில் தயாராக இருக்கிறது. என் பக்கம், என் அம்மா பெயர் சொன்னேன், பாட்டி பெயர் சொன்னேன். பாட்டியின் அம்மாவிடம் வந்து நின்றுவிட்டேன். சிறு வயதில் நான் கேட்டதெல்லாம் "இலுப்பமரத்து வீட்டு ஆத்தா" என்பதுதான். அவருக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும். கும்பகோணம் சித்தி, மன்னார்குடி அத்தை, பழைய பத்திரம், கல்யாணப் பத்திரிகை எதிலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, மாதக் கடைசிக்குள் எனக்குப் போன் செய்யுங்கள். மத்தியானம் தூங்க மாட்டேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.