நிரம்பி வழியும் ஃப்ளஷ் டேங்க்: என் வீட்டு மாடியில் நடந்தது

1/ மக்களே, இன்னிக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் பத்தி ஒரு நீண்ட இழை. "டாக்டருக்கு எதுக்குய்யா பிளம்பர் வேலை?"ன்னு கேக்காதீங்க, கடைசி வரை வாங்க. டேங்க்கில் தண்ணீர் நிற்காமல் ஓடினால் பெரும்பாலும் நீங்களே பத்து நிமிஷத்தில் சரி செய்துவிடலாம். சரி செய்யாமல் ஆங்கிள் காக்கை மட்டும் மூடிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2/ தென்காசிக்காரங்களுக்கு இது தெரிஞ்ச கதை. ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பிச்சா, உலகத்தில் இருக்கிற அத்தனை சொந்தக்காரங்களுக்கும் நம்ம ஞாபகம் வந்துடும். எங்க வீட்டு மாடி சீசனுக்கு மட்டும் உயிர் பெறும். அந்த வருஷமும் அப்படித்தான். ஆட்கள் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை இறங்கிக் கழுவினோம். இந்தக் கழுவின விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

3/ வந்தவங்க ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம் குளிச்சாச்சு. மெயினருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை, அதையும் பார்த்தாச்சு. ஊருக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில் மதினி சொன்னாங்க: "ராத்திரி பூரா மாடியில மழைச் சத்தம் கேட்டுச்சு, வெளிய பார்த்தா தரை காய்ஞ்சு கிடக்கு." போய்ப் பார்த்தேன். மழையெல்லாம் இல்லை. மாடி பாத்ரூம் ஃப்ளஷ் டேங்க் நிரம்பி, கோப்பைக்குள் சர்ர்ருன்னு தண்ணீர் ஓடிக்கிட்டே இருக்கு.

4/ தெரிஞ்ச பிளம்பர் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "டாக்டரய்யா, சீசன்லா! பூரா லாட்ஜுலயும் வேலை கிடக்கு. ஆடி முடியட்டும், வந்துருதேன்." சரின்னு சுவரில் இருந்த ஆங்கிள் காக்கைத் திருகி மூடினேன். சத்தம் நின்னுது. ஃப்ளஷ் கூடப் பண்ணலை, டேங்க் நிறையத் தண்ணீர் அப்படியே நின்னுது. யாராவது அழுத்திடக் கூடாதேன்னு பட்டன் மேலே "ஃப்ளஷ் செய்ய வேண்டாம்"னு பேப்பர் வேற எழுதி ஒட்டினேன். பக்கத்தில் வாளி, கப். பிரச்சினை முடிஞ்சதுன்னு கீழே இறங்கி வந்துட்டேன்.

5/ ஐந்து வாரம் போச்சு. ஜூலையில் ஒரு நாள் எங்க வீட்டுக் கீழ் போர்ஷனில் குடியிருக்கிறவங்க அவங்க பையனைத் தூக்கிக்கிட்டு கிளினிக்குக்கு வந்தாங்க. எட்டு வயசு. மூணு நாளாகக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி, வாந்தி. என்.எஸ்.1 பாசிட்டிவ். டெங்கு. மறுநாளே வயிற்றுவலி அதிகமாகி அட்மிட் பண்ண வேண்டியதாப் போச்சு. அவன் அம்மா என்கிட்ட சொன்னாங்க: "சார், நீங்க சொல்ற மாதிரி ஒரு இடத்துலயும் தண்ணி தேங்க விடுறதில்ல சார். தொட்டி, டிரம் எல்லாத்தையும் துணி கட்டித்தான் வச்சிருக்கோம்."

6/ டெங்கு உறுதியானால் அரசுக்குத் தகவல் கொடுக்கணும். கொடுத்தோம். அடுத்த நாள் தெருவில் கொசுப்புழு தேடுற பணியாளர்கள் வந்தாங்க. அதில் ஒரு அக்கா எங்க வீட்டில் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற டிரே, பழைய டயர் எல்லாம் பார்த்து முடிச்சுட்டு, "மேல பாத்ரூம் இருக்கா சார்?"ன்னு கேட்டாங்க. அங்க யாரும் இல்லையேன்னு சொன்னேன். "யாரும் இல்லாத பாத்ரூமத்தான் சார் பாக்கணும்"னு சொல்லிட்டுப் படியேறினாங்க.

7/ நான் ஒட்டின பேப்பரைப் படிச்சுட்டு, டேங்க் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். தெளிஞ்ச தண்ணீர். வெளிச்சம் பட்டதும் நூத்துக்கணக்கில் கொசுப்புழு நெளிஞ்சுக்கிட்டே அடிக்கு இறங்குது. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தாக் கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

8/ இப்ப கணக்கைப் பாருங்க. ஏடிஸ் கொசுவின் முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கிற கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். அந்தக் கொசு டெங்கு இருக்கிற ஒருத்தரைக் கடித்து, கிருமி அதன் உடம்பில் பெருகிப் பரப்பும் நிலைக்கு வர இன்னொரு 8 முதல் 12 நாள். அது கடித்த பிறகு நமக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். கூட்டினால் மூணு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை. என் ஆங்கிள் காக் மூடியிருந்தது ஐந்து வாரம்.

9/ பையனைக் கடித்த கொசு என் டேங்க்கில் பிறந்ததுதான்னு நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் என்னால் சொல்ல முடியாது. ஏடிஸ் ரொம்ப தூரம் பறக்கிற கொசு இல்லை. பெரும்பாலும் பிறந்த வீட்டையும் அக்கம்பக்கத்தையும் சுற்றித்தான் இருக்கும். என் மாடிக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு தளம்தான்.

10/ "டேங்க்குக்குத்தான் மூடி இருக்கே"ன்னு நானும் நினைச்சேன். அந்த மூடி தூசிக்குத்தான், கொசுவுக்கு இல்லை. பட்டன் ஓரம், மூடிக்கும் டேங்க்குக்கும் நடுவில் உள்ள சந்து, பழைய மாடலில் வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற ஓவர்ஃப்ளோ குழாய், இது எல்லாமே அதுக்கு வாசல். உள்ளே இருட்டு, குளிர்ச்சி, சுத்தமான தண்ணீர், யாரும் தொந்தரவு பண்ணாத இடம். சாக்கடைக் கொசு வேற, இது வேற. இதுக்குப் பிடிச்சது நம்ம வீட்டு நல்ல தண்ணீர். தினமும் ஃப்ளஷ் பண்ற டேங்க்கில் தண்ணீர் மாறிக்கிட்டே இருப்பதால் புழு வளர நேரம் கிடைக்காது. சும்மா நிற்கிற டேங்க்தான் ஆபத்து.

11/ சரி, ரிப்பேருக்கு வருவோம். முதலில் உள்ளே என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும். தண்ணீர் ஏற ஏற ஒரு மிதவையும் ஏறும். குறிப்பிட்ட உயரம் வந்ததும் அது தண்ணீர் வர்ற வால்வை அழுத்தி மூடும். அது தவறினால் தண்ணீர் டேங்க் விளிம்பைத் தாண்டித் தரையில் வழியாமல் இருக்க ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் உண்டு. நம்ம மெயினருவிக்கு மேலே பொங்குமாங்கடல் இருக்கில்லையா? மேலிருந்து விழுற தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில் நிறைஞ்சு, பொங்கி, அப்புறம்தான் கீழே அருவியாக விழும். டேங்க்கும் அப்படித்தான், நிறைஞ்சு பொங்கினது குழாய் வழியாகக் கோப்பைக்குள் போயிடும். தரை நனையாது. அதனாலதான் மாசக்கணக்கில் நம்ம கண்ணில் படுறதில்லை.

12/ எவ்வளவு வீணாகும்? நிமிஷத்துக்கு 200 மில்லின்னு வைங்க, ஒரு டம்ளர். ஒரு நாளைக்கு 288 லிட்டர். நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம்ம நாட்டுக் குடிநீர்த் திட்டங்களின் அளவுகோல். அதாவது ரெண்டு பேருக்கான தண்ணீர் சத்தமில்லாமல் செப்டிக் டேங்க்குக்குப் போகுது. அதனால காக்கை மூடினது தப்பில்லை. மூடிட்டு மறந்ததுதான் தப்பு.

13/ மருத்துவத்தில் சொல்ற மாதிரி, வைத்தியத்துக்கு முன்னாடி பரிசோதனை. மூடியைத் திறந்து பாருங்க. தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைத் தொட்டு உள்ளே விழுதா? அப்போ உள்ளே வர்ற வால்வில்தான் கோளாறு. மட்டம் அதுக்குக் கீழேயே இருந்தும் கோப்பையில் தண்ணீர் கசியுதா? அப்போ கோளாறு அடியில் இருக்கிற சீலில். சந்தேகமா இருந்தா காக்கை மூடுங்க. வழியறது நின்ன பிறகு டேங்க்கில் நாலு துளி சொட்டு நீலம் விட்டு, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் பொறுங்க. கோப்பையில் நீலம் வந்தா அடி சீலை மாத்தணும். வரலைன்னா மேல் வால்வைப் பாருங்க.

14/ அடுத்த பரிசோதனையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஹார்டுவேர் கடை அண்ணாச்சி. "காக்கைத் தொறந்து வச்சுட்டு, பந்தைக் கையால மேல தூக்கிப் பாருங்க சார். தண்ணி நிக்குதா நிக்கலையான்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க." எம்.பி.பி.எஸ். படிக்காமலே வியாதியைப் பிரிக்கத் தெரிஞ்ச மனுஷன்! தூக்கினதும் நின்னா மிதவையில் கோளாறு. தூக்கியும் நிக்கலைன்னா வால்வுக்குள்ளே கோளாறு.

15/ மிதவைன்னா மூணு காரணம். ஒண்ணு, உயரம் அதிகமா வச்சிருப்பாங்க. புது மாடலில் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும், மிதவை கீழே இறங்குற பக்கமாத் திருகுங்க. பழைய பித்தளைக் கம்பி மாடல்னா கம்பியைக் கீழ்நோக்கி லேசா வளைச்சா போதும். தண்ணீர் ஓவர்ஃப்ளோ வாய்க்கு ஒரு அங்குலம் கீழே நிக்கணும். ரெண்டு, மிதவை சுவரில் உரசும், நகர்த்தி விடுங்க. மூணு, பந்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்திருக்கும். கழற்றிக் காதுகிட்ட ஆட்டினா சத்தம் கேக்கும், அதை மாத்தத்தான் வேணும்.

16/ வால்வுன்னா இப்படிச் செய்யுங்க. காக்கை மூடி, ஒரு ஃப்ளஷ் பண்ணுங்க. பழைய பால் காக்கில் பின்னை உருவினால் கம்பியும், வாசர் வச்ச சின்னக் கட்டையும் வெளியே வரும். புது மாடல் பலதில் வால்வின் தலையைக் கொஞ்சம் திருகினால் கழன்றுவிடும். வாசரில் தடம் விழுந்திருந்தா புதுசு போடுங்க. பிறகு வால்வு வாயில் ஒரு கப்பைக் கவிழ்த்துப் பிடிச்சுக்கிட்டு காக்கை ரெண்டு நொடி திறந்து மூடுங்க. உள்ளே இருக்கிற குப்பை அடிச்சுக்கிட்டு வந்துடும். கப் இல்லாமல் திறந்தீங்கன்னா மூஞ்சியில் குற்றாலம்தான்.

17/ உப்புப் படிஞ்சிருந்தா வினிகரில் ஊற வச்சுத் தேயுங்க. டாக்டரா ஒரு எச்சரிக்கை: வினிகரோ ஆசிட்டோ பயன்படுத்துற இடத்தில் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். அடைச்ச பாத்ரூமில் அது நுரையீரலைப் பதம் பார்த்துடும். சுவருக்குள் புதைச்ச டேங்க்கா இருந்தா நீங்க கை வைக்காதீங்க, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.

18/ என் டேங்க்கில் என்ன இருந்துச்சு தெரியுமா? கடுகளவு ஒரு மண் துணுக்கு. வாசருக்கும் அது உட்காருற இடத்துக்கும் நடுவில் மாட்டிக்கிட்டு இருந்துச்சு. மாடித் தொட்டியைக் கழுவினோமே, அப்போ கலங்கின வண்டல் குழாயில் இறங்கி வந்திருக்கு. துணுக்கை எடுத்தேன், வாசரைத் துடைச்சேன், மாட்டினேன். தண்ணீர் ஏறி, மிதவை ஏறி, பட்டுன்னு நின்னுது. ஒரு ரூபாய் செலவில்லை, பத்து நிமிஷம் கூட ஆகலை. இதுக்குத்தான் நான் ஆடி முடியட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். அதனால தொட்டி கழுவினால், முதலில் வேற ஒரு குழாயைத் திறந்து கலங்கல் போகிற வரை விட்டுட்டு, அப்புறம் டேங்க் காக்கைத் திறங்க.

19/ உடனே சரி செய்ய முடியலைன்னா? காக்கை மூடுங்க, கண்டிப்பா ஃப்ளஷ் பண்ணி டேங்க்கைக் காலி பண்ணுங்க. அப்பவும் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிக்கும், புழு வளர அதுவே போதும். துணி வச்சு ஒத்தி எடுங்க. உள்சுவரைப் பிரஷ்ஷால் தேயுங்க. ஏன்னா ஏடிஸ் முட்டையிடுறது தண்ணீர்க் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சுவரில். அந்த முட்டை காய்ஞ்ச நிலையிலேயே மாசக்கணக்கில் இருந்துட்டு, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் பாதி வேலைதான். எங்க வீட்டில் அந்த அக்கா தேய்ச்ச தேய்ப்பைப் பார்த்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.

20/ 2012-ல் கடையநல்லூரில் டெங்கு பரவினப்போ (அப்போ நாம திருநெல்வேலி மாவட்டம்) இந்தப் பக்கம் இருந்தவங்களுக்கு அது மறக்காது. காய்ச்சலுக்குப் பயந்து கிடந்த அந்த நாளுக்கப்புறம் டயர், தேங்காய்ச் சிரட்டை, டிரம் எல்லாம் நம்ம கண்ணுக்குப் பழகிப் போச்சு. ஃப்ளஷ் டேங்க் இன்னும் பழகலை. சீசன் முடிஞ்சு பூட்டின லாட்ஜ் ரூம், சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைங்களுக்காகக் கட்டிப் பூட்டி வச்ச மாடி, வயசான அப்பா அம்மா ஏறிப் பார்க்க முடியாத பாத்ரூம், இங்கெல்லாம் வாரம் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ண ஒரு ஆளை ஏற்பாடு பண்ணுங்க. இல்லைன்னா காய வச்சுப் பூட்டுங்க.

21/ பையன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் எனக்குப் பயமே. டெங்குவில் அந்த ரெண்டு நாள்தான் கண்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, கை கால் சில்லிடறது, சோர்ந்து போறது, இதில் எது இருந்தாலும் காய்ச்சல் இல்லைன்னு வீட்டில் வைக்கக் கூடாது. நல்லபடியா வீட்டுக்கு வந்தான். இப்ப மாடிப்படியில்தான் விளையாடுறான்.

22/ டேங்க்கில் புழு இருந்ததை அவன் அப்பா அம்மாகிட்ட நானே சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "பார்த்துக்கிட்டிருந்திருக்கலாம் சார்"னு மட்டும் சொன்னார் அவர். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அதனாலதான் இந்த இழை. படிச்சு முடிச்சதும் லைக் போடுறதுக்கு முன்னாடி எழுந்து போய், உங்க வீட்டில் யாரும் பயன்படுத்தாத அந்த பாத்ரூம் டேங்க் மூடியைத் தூக்கி ஒரு டார்ச் அடிச்சுப் பாருங்க.