நரையும் வாக்கும்

எம்மூராகிய ஆலங்காயத்தில் இக்காலத்துத் திண்ணைகள்தோறும் நரைத்த தலைகளே மிகுதி. 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 1.4 பிள்ளைகள், பீகாரிலோ 3.0. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரையுள்ள தோற்சாலைகளுக்கு வடநாட்டு வாலிபர் வருதற்கு அவர்தம் வறுமையொன்றே காரணமென்பாரோடு யான் உடன்படேன். நம் முதுமையும் அவரை அழைக்கின்றது.

2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து மாண்ட பதின்மருட் பெரும்பாலார் மேற்கு வங்காளத்தார். 2023-இல், வடவர் இங்குத் தாக்கப்படுகின்றனரென்னும் பொய்ச்செய்தி பரவ, பீகார் அரசு குழுவனுப்பி ஆராய்ந்தது. அவ்வாலிபர் திரும்பிச் சென்றுவிடுவரோவென ஆலைமுதலாளிகள் அஞ்சினர். ஆயினும் அவருட் பெரும்பாலார்க்கு வாக்குரிமை பிறந்த ஊரிலேயே உளது. தேர்தல்தோறும் முதியோர் உதவித்தொகையைக் குறித்து வேட்பாளர் எம் தெருவில் விரித்துரைப்பர். தோற்சாலைத் தொழிலாளர் கொட்டகைப்பக்கம் அவர் செல்லக் கண்டிலேன்.