புதைத்து வைத்த நாட்குறிப்பு

தாய்லாந்தில் நொங் பிளாடுக் சந்திப்பில் பிரிந்து, பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் போன பாதை அது. மலேயாத் தோட்டத் தமிழர்களுக்கு அது சயாம் மரண ரயில். ஜப்பானியப் படை 1942-ல் இரு முனைகளிலும் வேலையைத் தொடங்கி, 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தாவில் தண்டவாளங்களை இணைத்தது. வேலை வாங்கப்பட்ட 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளில் 12,000-க்கும் அதிகமானோர் ஊர் திரும்பவில்லை.

இந்தப் பாதையில் உள்ள காஞ்சனபுரியில் இறங்குபவர்கள் அங்கிருக்கும் ஆற்றுப் பாலத்தைப் படமெடுக்கப் போகிறார்கள். நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட 7,000 பேர் கிடக்கிறார்கள்; வரிசை வரிசையாகப் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. இரண்டு குழிகளில் மட்டும், முகாமில் எரியூட்டப்பட்ட 300 பேரின் சாம்பல். அவர்களுக்கும் பெயர்ப் பட்டியல் உண்டு. காட்டுக்குள் காலராவில் செத்தவனுக்குத் தேதி எங்கிருந்து வந்தது? உடனிருந்த கைதிகள் காவலர் கண்ணில் படாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945-ல் கல்லறை தேடும் குழு அந்தக் குறிப்புகளோடுதான் பாதை நெடுகப் போய் 10,000-க்கும் மேற்பட்ட குழிகளைக் கண்டுபிடித்தது.

மலேயாவிலிருந்து பிடித்து வரப்பட்ட தமிழ்க் கூலிகளுக்கு அப்படிக் கணக்கு வைக்க அதிகாரி யாரும் இல்லை. கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள் என்பதோடு வரலாறு நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் ஆறவில்லை.

காஞ்சனபுரியைத் தாண்டியதும் வாம்போ மரப்பாலத்தை ரயில் ஊர்ந்து கடக்கிறது. நாம் டோக் நிலையத்தில் ரயில் பயணம் முடிந்துவிடும். அதற்கப்பால், சம்மட்டியும் உளியுமாய் இரவும் பகலும் பாறையைப் பிளந்த ஹெல்ஃபயர் கணவாய்க்குச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். பிறகு காடு, ஒரு பகுதி அணை நீருக்கடியில், மூன்று பகோடா கணவாய், எல்லை.

மறுமுனை தன்பியுசயாட். 1942 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து பர்மாவுக்கு அனுப்பப்பட்ட 3,000 ஆஸ்திரேலியக் கைதிகளின் தலைவர் பிரிகேடியர் ஆர்தர் வார்லி. சாவுகளையும் நோய்களையும் ஜப்பானிய அதிகாரிகளோடு நடந்த வாக்குவாதங்களையும் நாட்குறிப்பில் எழுதி வந்தார். அந்த நாட்குறிப்பு இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் புதைத்து வைக்கப்பட்டது. 1944 செப்டம்பரில் கைதிகளை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்ற ராகுயோ மாரு கப்பலை, உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கியது. அதில் இருந்த வார்லி கடலில் மடிந்தார். அவருக்குக் கல்லறை இல்லை. போர் முடிந்தபின் தோண்டியெடுத்த நாட்குறிப்பு கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது.