மஞ்சள் செதில்கள்

சாலிசிலால்டிஹைடையும் எத்திலீன்டைஅமீனையும் எத்தனாலில் கலந்தால் சற்று நேரத்தில் குடுவை முழுக்க மஞ்சள் செதில்கள் மின்னும். 1864-இல் ஹ்யூகோ ஷிஃப் காட்டிய வழிதான். கிடைப்பது சாலன் என்னும் ஈனி. அதைச் சூடான எத்தனாலில் கரைத்துத் தாமிர அசிடேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பச்சை. நிக்கல் அசிடேட் என்றால் செம்மஞ்சள். சாலன், இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என நான்கு பக்கமும் உலோகத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் சாலன் காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கி, சூடாக்கினால் திருப்பித் தருவதை 1938-இல் சுமாக்கி கண்டார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேதியியல் இது.

உலோகத்தை இப்படிப் பல பக்கமும் பிடிக்கும் கொடுக்கிணைப்பை மாணவர்களுக்கு வீட்டுத் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். திருவொற்றியூர் பிள்ளைகள் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவார்கள். அம்மோனியா தாங்கல் கரைசல், எரியோக்ரோம் பிளாக் டி; ப்யூரெட்டிலிருந்து ஈடிடிஏ என்னும் ஈனி இறங்கித் தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கப் பிடிக்கத் திராட்சைச் சிவப்பு நீலமாகும். இதே ஈடிடிஏ, கால்சியத்தைவிட ஈயத்தைக் கோடி மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடிக்கும். ஈய நச்சுக்கு அதன் கால்சிய உப்பை ஏற்றுவது அதனால்தான். ஈயம் சிறுநீரோடு வெளியேறிவிடும்.

ஆனால் பிடிக்கும் குணம் இடம் பார்ப்பதில்லை. ஈடிடிஏ தண்ணீரில் எளிதில் சிதைவதில்லை. கழிவுநீரோடு ஆற்றில் சேர்ந்தால், சேற்றில் படிந்து கிடக்கும் உலோகத்தையும் கரைத்து எழுப்பக்கூடும். எங்கள் பக்கத்து ஆறு கொசஸ்தலை. அது கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் எவ்வளவோ படிந்துவிட்டது. சாம்பலில் ஈயமும் ஆர்செனிக்கும் குரோமியமும் உண்டு. அந்தச் சேற்றில்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். ஆய்வகத்தில் நாம் சிங்க்கில் ஊற்றும் ஐம்பது மில்லி உலோகக் கழிவு அந்தச் சாம்பலுக்கு முன் ஒன்றுமில்லைதான். அதற்காக ஊற்றிவிடலாம் என்பதை நான் ஏற்க மாட்டேன். உலோகத்தை எது பிடிக்கும், எது விடும் என்று படித்தவர்கள் நாம்.

செய்முறை நோட்டில் மாணவர்கள் விளைச்சலைச் சதவீதத்தில் எழுதுகிறார்கள். அதன் கீழேயே வடிநீர் எத்தனை மில்லி, அதில் என்ன உலோகம், எந்தக் கழிவுப் பாட்டிலில் சேர்த்தது என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அந்த வரி இல்லாத நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.