உதருக்கு மட்டும் ஏன் உசுரு வரல?

கமுதி பஸ் ஸ்டாண்டு டீக்கடை.
ரெண்டு காலேஜ் பசங்களுக்குள்ள வாக்குவாதம்.
வார்கிராஃப்ட் 3 பத்தி!
2002ல வந்த கேம். அதுல உதர்ங்கற பாலடின் வீரர ஆர்த்தஸ்ங்கறவன் கொன்னுருவான். அந்த வழக்கு இன்னும் முடியல.

"மாப்ள, ஹீரோ செத்தா தங்கத்தக் கட்டி எழுப்பிக்கலாம். பாலடின் ஒரே மந்திரத்துல செத்த வீரங்க ஆறு பேர எழுப்பிருவான். உதரே பாலடின்தான. அவரு செத்தப்ப மட்டும் ஏன்டா யாரும் எழுப்பல?"

"ஆர்த்தஸ் வெட்டுனது ஃப்ராஸ்ட்மோர்ன்லடா. அந்த வாளு உசுரையே உள்ள இழுத்துக்கிரும். அப்பறம் எதை எழுப்ப?"

எவ்வளவு அழகான பதில்!
கதையில விட்ட ஓட்டைய, கதைக்குள்ள இருக்கற பொருள வச்சே அடைக்கிறான்.

பின்னாடி வந்த ஒரு கதையில உதரோட ஆவி அந்த வாளுக்குள்ள இருந்துதான் வந்து பேசுச்சு.
2020ல கேம் கம்பெனிக்காரங்க இன்னொண்ணு சொன்னாங்க. ஆன்மா ரெண்டாப் பிளந்துச்சாம், ஒரு பாதி வாளுல, மறுபாதி மறுவுலகத்துல.
எனக்கு அது ஒட்டுப்போட்ட மாதிரிதான் இருக்கு. டீக்கடைப் பதில்தான் நேர்த்தி.

இதெல்லாம் வெட்டிப்பேச்சுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு.
1954ல பொன்னியின் செல்வன் தொடர் முடிஞ்சுச்சு.
அதுல சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனக் கொன்னது யாருன்னு கல்கி பளிச்சுன்னு சொல்லாம விட்டுட்டாரு.
எழுவது வருசமா நம்ம வீட்டுத் திண்ணையில நடக்கறதும் இதே வழக்குதான்.
அந்தக் கொலையப் பத்திச் சொல்ற உடையார்குடிக் கல்வெட்டு வரைக்கும் தேடிப் போயிட்டோம்.

கதைய உசுரா நேசிக்கிறவன்தான் இப்பிடி நோண்டிக் கேப்பான்.

சரி, நீங்க சொல்லுங்க.
கரிகாலன் விஷயத்துல உங்க கணக்குல யாரு?