காணாமல் போன 15,841 பேர்

2020 அக்டோபர் முதல் வாரம். பிரிட்டனில் கொரோனா எண்ணிக்கை இரண்டே நாளில் எகிறியது. நோய் அவ்வளவு வேகமாகப் பரவிவிட்டதா என்றால், இல்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை கணக்கில் ஏறாமல் விடுபட்ட 15,841 பேரை மொத்தமாகச் சேர்த்ததால் வந்த ஏற்றம் அது.

நடந்தது இதுதான். தனியார் பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை சி.எஸ்.வி. கோப்பாக அனுப்பின. சி.எஸ்.வி. என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, நடுநடுவே காற்புள்ளி போட்ட வெறும் எழுத்துக் கோப்பு. அதை பொது சுகாதாரத் துறையினர் எக்செலின் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. ஒருவரின் முடிவுக்கே பல வரிகள் தேவைப்பட்டதால் சுமார் 1,400 பேரோடு தாள் நிரம்பிவிட்டது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்தது.

நோயாளிகளுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தள்ளிப் போனது. அந்த நாட்களில் அவர்கள் எங்கெல்லாம் போனார்களோ!

டேட்டாபேஸில் நேராக ஏற்றியிருந்தால் தப்பித்திருக்கலாமே? அந்த வரி வரம்பிலிருந்து தப்பித்திருக்கலாம். ஆனால் அதிலும் கவனம் வேண்டும். போஸ்ட்கிரெஸில் 'காப்பி' கட்டளை கொடுத்தால், வழக்கமாக ஒரு வரி தப்பானாலும் மொத்தமும் நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் நல்லது. மைஎஸ்கியூஎல்லின் 'லோட் டேட்டா'வில் 'இக்னோர்' சேர்த்தால் தப்பான வரிகளுக்கு எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? :-)

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்தெழுதுவது போலத்தான் இதுவும். இருப்பாய்வு சமமாக வந்துவிட்டால் நிம்மதி. ஆனால் ஒரு நடவடிக்கையை முழுசாகவே எழுதாமல் விட்டிருந்தால் இருப்பாய்வு அதைக் காட்டிக் கொடுக்காது. இரண்டு பக்கமும் சேர்ந்தே குறைந்திருக்கும். மூல ரசீதுகளை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கேயும் அதே வழிதான். கோப்பை முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில், எல்லா நெடுவரிசையையும் வெறும் எழுத்தாகவே வைத்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்ஜியம்கூடத் தொலையாது. பிறகு கோப்பில் எத்தனை பதிவுகள், அட்டவணையில் எத்தனை என்று எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகே நிஜ அட்டவணைக்கு மாற்ற வேண்டும்.

எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அங்கே எட்டு நாள் யாரும் எண்ணவில்லை.